கரண்ட் போகணும் தாயே

ஊரே கரண்ட் போகக்கூடாது என்று அம்மனிடம் முறையிட்டுக்கொண்டிருந்த காலத்தில், போகணும் தாயே, தினமும் தவறாமல் போகணும் என்று வேண்டிக்கொண்ட ஒரே பொம்பளை பம்மலில் நானாகத்தான் இருப்பேன். காரணத்தைக் கேட்டால் நீங்கள் என்னைத் திட்டமாட்டீர்கள் என்று நம்புகிறேன். திட்டினாலும் பரவாயில்லை, எனக்குத் திருப்பித் திட்டத் தெரியும்.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தார். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. அதில் அவர் வீட்டில் இருந்த நாட்களையெல்லாம் சேர்த்தாலும் ஒரு காலண்டர் முழுதாகக் கிழியாது. லீவில் வருவார். அவரோடு சண்டை போட நான் பழகி முடிப்பதற்குள் பெட்டி கட்டிவிடுவார். எனக்கோ நாக்கு நீளம். போனில் திட்டலாம் என்றால் திட்டு பாதியில் இருக்கும்போதே கார்டு தீர்ந்துபோகும். மிச்சத்தை யாரிடம் போய்த் திட்டுவது?

இரண்டாயிரங்களின் பின்பாதியில் அப்படி ஒரு லீவில் அவர் வந்திருந்தபோதுதான் கரண்ட் கட் அன்றாடப் பழக்கமாகியிருந்தது. காலையில் பத்து மணிக்குப் போனால் மதியச் சமையல் முடியும்போது வரும். இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்து, விசிறியோடு வெளியே வந்து நிற்கும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சொன்னார்: "ஒரு வருஷம் இங்கேயே தொழில் பண்ணிப் பாக்கறேன். ஓடினா இருக்கேன். ஓடலைன்னா பழைய எடத்துக்கே போய்டறேன்."

"உங்க இஷ்டம்" என்றேன். சமையல்கட்டுக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான். அந்த நிமிஷத்திலிருந்து இவர் திரும்பிப் போகக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இல்லை.

தொழில் இதுதான். வீட்டுப் பக்கச் சந்தில் ஒரு பழைய ஜெனரேட்டர். அதிலிருந்து மொட்டை மாடி வழியாகத் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு ஒயர். வீட்டுக்கு ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன், அவ்வளவுதான். கூடவே ரேஷன் கார்டு இல்லாத வாடகைக்குடிகளுக்கும், குரோம்பேட்டையில் ரூம் எடுத்துப் படிக்கிற காலேஜ் பையன்களுக்கும் பிரைவேட் காஸ் சிலிண்டர். இதை அவர் 'கம்பெனி' என்றுதான் சொல்வார். கரண்ட்டும் காஸும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று போர்டு எழுதி மாட்டினார். சிலிண்டர் நீலக் கலரில் இருந்ததால் முதலில் யாரும் வாங்கவில்லை. சிவப்பு சிலிண்டரையே பார்த்துப் பழகிய கண்கள். "இதுல வச்சா சாம்பார் ருசி மாறிடாதா?" என்று ஒரு அம்மாள் என்னைக் கேட்டார். "உங்க சாம்பார் மாறினா நல்லதுதானே" என்று சொல்லிவிட்டேன். ஒரு கஸ்டமர் போனார். என் வீட்டுக்காரர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகமிருக்கிறது.

திறப்பு விழாவை முறையாக நடத்தணும் என்று பிடிவாதம் பிடித்தார். கோயில் தர்மகர்த்தாவிடம் போய் யோசனை கேட்டார். எங்கள் பகுதி வயலாக இருந்த நாளிலிருந்து அதன் பாதிக்குச் சொந்தக்காரர் அவர். வயலை மனையாக விற்றுவிட்டு மாடியில் உட்கார்ந்திருந்தார். அவர் யோசனையில்தான் கவுன்சிலரைக் கூப்பிட்டார்கள். திட்டம் எளிமையானது. பத்து மணிக்குக் கரண்ட் போகும். உடனே கவுன்சிலர் சுவிட்சைத் தட்டுவார், பந்தலில் டியூப்லைட் எரியும், எல்லாரும் கை தட்டுவார்கள். கேசரியும் நான் கிண்டிவிட்டேன்.

கவுன்சிலர் வந்தார். சால்வை போட்டார்கள். பத்து மணி ஆனது. பத்தேகால் ஆனது. கரண்ட் போகவில்லை. கூட்டம் அண்ணாந்து பந்தல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தது. அது பாட்டுக்குச் சுற்றியது.

"தெனம் டாண்ணு பத்துக்குப் போவுமே" என்றார் தர்மகர்த்தா, ஏதோ வரவேண்டிய விருந்தாளி வராததுபோல.

தெருமுனையில் மீன் விற்கிற அக்கா கூடையோடு வந்து நின்றிருந்தார். கடற்கரைக் குப்பத்திலிருந்து இங்கே கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவர். "இன்னாம்மா இது, போவாதன்னா போவுது, போன்னா போவ மாட்டேங்குது. பேஜாரா கீது" என்றார்.

கவுன்சிலரோடு வந்த ஆள்தான் பெருமையாகச் சொன்னான். "அண்ணன் வராருன்னு காலைலயே கரண்ட் ஆபீஸுக்குப் போன் போட்டுட்டேன். அண்ணன் இருக்கற வரைக்கும் இந்தத் தெருவுல கரண்ட் போவாது."

கரண்ட் போனால் பிழைக்கிற கம்பெனிக்குக் கரண்ட்டை நிறுத்த விடாத ஆளைப் பிடித்து வந்து திறப்பு விழா நடத்திய புத்திசாலிகள் நாங்கள். கவுன்சிலர் மைக் பிடித்து, இனிமேல் இந்தத் தெருவில் கரண்ட்டே போகாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்றார். பலத்த கைதட்டல். என் வீட்டுக்காரரும் தட்டினார். நான் அவர் கையைப் பிடித்து இறக்கினேன்.

கேசரி தீர்ந்தது, கவுன்சிலர் போனார், கூட்டம் கலைந்தது. அவர் வண்டி முனை திரும்பியிருக்காது, கரண்ட் போய்விட்டது. இவர் ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கிளப்பினார். சுவிட்ச் தட்டத்தான் யாருமில்லை. மீன்காரக்கா கூடையை இறக்கிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "நா தட்டவா?" என்று தட்டினார். டியூப்லைட் எரிந்தது. ஆக, எங்கள் கம்பெனியைத் திறந்துவைத்தவர் அவர்தான். முதல் கஸ்டமரும் அவர்தான். மீன் மேல் ஈ உட்காராமல் இருக்க ஒரு ஃபேன் கேட்டார்.

அதற்கப்புறம் ஓடியது. நன்றாகவே ஓடியது. வீட்டுக்காரர் ஜெனரேட்டர் பக்கத்தில், நான் தெருவில். என் வேலை கிரைண்டர் பிடிப்பது. ஒரு லைட், ஒரு ஃபேன் என்று எத்தனை தடவை சொன்னாலும், ஊறிய அரிசியைப் பார்த்தால் நம் பெண்களுக்குக் கை நிற்காது. யாராவது கிரைண்டரைப் போட்டால் ஜெனரேட்டர் முக்க ஆரம்பிக்கும், தெரு முழுக்க ஃபேன் சோர்ந்துபோகும். "யாரோ மாவாட்டறாங்க" என்பார் இவர். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்புவேன். தர்மகர்த்தா வீட்டில் மட்டும் பிடிக்கவே முடியவில்லை. போனால் டிவிதான் அலறிக்கொண்டிருக்கும். ஒருநாள் டிவியை நானே போய் நிறுத்தினேன். பின்கட்டில் கிரைண்டர் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கிரைண்டர் சத்தத்தை மறைக்க டிவி. ரெண்டுமே எங்கள் கரண்ட்!

"கோயில் காரியத்துக்குத்தாம்மா மாவு" என்றார் அவர் சம்சாரம்.

"அம்மனுக்கு இட்லி தோசையா படைக்கறீங்க?" என்றேன். மறுநாள் எனக்கு ஒரு தூக்குவாளி நிறைய மாவு வந்தது. வாங்கிக்கொண்டேன். நல்ல மாவு.

தினமும் சண்டை. வெளியே தெருவோடு, உள்ளே அவரோடு. டீசல் வாசனையோடு சாப்பிட உட்கார்ந்தால் திட்டுவேன், கை கழுவாவிட்டால் திட்டுவேன். அவரும் பதிலுக்குக் கத்துவார். திட்டு பாதியில் அறுந்துபோகாத அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லிமாளாது.

சில நாள் பத்து மணி தாண்டியும் கரண்ட் போகாது. அப்போதுதான் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். ஒருநாள் கண்ணை மூடி நின்று, நிறைவேறினால் மாவிளக்கு போடுகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தர்மகர்த்தா. "என்னம்மா வேண்டுதல்?" என்றார். "ஊர் நல்லாயிருக்கணும்னுதான்" என்றேன். "நானும் அதான் வேண்டிக்கறேன். இந்தக் கரண்ட் கட் தொலையணும்" என்றார். ரெண்டு மனுவையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொண்டு அம்மன் என்ன செய்வாள், பாவம்.

அவர் பழைய பக்தர். அவர் பேச்சுத்தான் எடுபட்டது.

தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் கரண்ட் போகாது என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்வார்கள், அப்படியே ஆனது. கத்திரி வெயிலில் தெருவே ஃபேனுக்கடியில் மல்லாந்து கிடந்தது. எங்கள் வீட்டில் மட்டும் எழவு விழுந்த மாதிரி இருந்தது. ஜெனரேட்டர் மேல் பழைய போர்வையைப் போர்த்திவிட்டு இவர் பேப்பர் படித்தார். தேர்தல் முடிந்து கட் மறுபடி ஆரம்பித்தபோது உயிர் வந்தது. ஆனால் அதற்குள் வசதியுள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டார்கள். முதலில் வாங்கியவர் தர்மகர்த்தா. "தம்பி, தப்பா எடுத்துக்காத" என்று எங்கள் ஒயரைச் சுருட்டி அவரே கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு வீடு வீடாக ஒயர் திரும்பி வந்தது. மீன்காரக்காவின் ஒரு ஃபேனுக்காக ஜெனரேட்டர் ஓட்ட முடியுமா? நீல சிலிண்டர் வாங்குகிற காலேஜ் பையன்கள்தான் மிச்சம்.

சொன்ன வருஷம் முடிந்தது. இவர் மஸ்கட்டுக்குப் போன் போட்டார். விசா வந்தது.

போகாதீங்க என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நின்றுவிடுவார். நின்றுவிட்டு, சும்மா உட்காருகிற ஒவ்வொரு நாளும் உன்னால்தான் என்று மனசுக்குள் நினைப்பார். அந்த பயத்தில் வாயை மூடிக்கொண்டு எலுமிச்சங்காய் ஊறுகாய் கட்டினேன். நாக்கு நீளம் என்று பெயரெடுத்தவளுக்கு வேண்டிய நேரத்தில் நாக்கே எழவில்லை.

கிளம்புகிற அன்று வாசலில் டாக்ஸி நின்றது. தர்மகர்த்தா வந்திருந்தார். நல்ல சகுனத்துக்காக அவர் சம்சாரத்தைத் தண்ணீர்க்குடத்தோடு எதிரே நிறுத்தியிருந்தார்கள். மீன்காரக்கா கூடையை எங்கேயோ வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார். இவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தார். "வரட்டுமா?" என்றார்.

எட்டு வருஷமாக அதற்கு நான் சொன்ன பதில் "போய்ட்டு வாங்க." அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "எங்க போறீங்க?" என்றேன்.

தெரு திக்கென்று நின்றது. புறப்படுகிற ஆளை அப்படிக் கேட்கவே கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பணும். எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

"என்னம்மா நீ" என்றார் தர்மகர்த்தா. இவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். எழுந்தார். வாசற்படிக்குப் போனார்.

"எங்க போறீங்க?"

குடத்தோடு நின்றிருந்த அம்மாள் குடத்தை இடுப்பு மாற்றினார். இவர் திரும்பி வந்தார், உட்கார்ந்தார், குடித்தார். இந்த முறை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தார். மறுபடி எழுந்து படியருகே போனார். நானும் மறுபடி கேட்டேன்.

மீன்காரக்காதான் முதலில் புரிந்துகொண்டார். டாக்ஸிக்காரரிடம் திரும்பி, "யப்பா, வண்டிய ஆஃப் பண்ணு" என்றார்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். டம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "இன்னும் எத்தனை டம்ளர் குடிக்கணும்?" என்றார்.

"பிளேன் போற வரைக்கும்."

இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.