கீரை தின்னும் உடும்பு

வளைகுடாவிலிருந்து தம்பி அனுப்பிய வீடியோவில் ஒரு பிராணி வெயிலில் சும்மா கிடந்தது. நம்ம ஊர் உடும்பு இங்கேயும் உண்டு என்று அடியில் எழுதியிருந்தான். வெள்ளறடையில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் உடும்புக்குப் பஞ்சமில்லை. கோழிக்கூட்டில் முட்டை காணாமல் போனால் முதல் பழி அதன் மேல்தான். ஆனால் இந்த உடும்பு ஏதோ செடியின் இலையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. வாலிலோ பலாக்காய்த் தோல் மாதிரி முள் வளையங்கள். உடும்பாவது, கீரை தின்பதாவது! எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது.

அம்மைக்கு அந்தக் கேள்வியெல்லாம் இல்லை. வெயிலில் வேலை என்றால் போகவே கூடாது என்று அடம்பிடித்தவள் அவள். நகரத்தில் ஏசி போட்ட கடையில் பில் போடும் வேலை என்று தம்பி சொன்ன பிறகுதான் அனுப்பினாள். சர்ச்சில் பெண்கள் கூடும்போதெல்லாம் அந்த ஏசியைப் பற்றித்தான் பேச்சு. இப்போது உடும்பும் சேர்ந்துகொண்டது.

நான் போனில் தேடினேன். அது உடும்பே அல்ல, முள்வால் பல்லி. அரேபியப் பாலைவனத்தின் கெட்டியான சரளைத் தரையில் பொந்து தோண்டி வாழ்வது. தண்ணீர் தேடி அலையாது, தின்னும் இலையின் ஈரமே போதும். காலைக் குளிரில் கறுப்பாக இருக்கும், உடம்பு சூடேற ஏற மஞ்சளாகும். எனக்கு ஒரே குஷி. அது வாழும் இடங்களின் வரைபடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். தம்பி சொன்ன கடலோர நகரத்தின் பக்கம் நிறமே இல்லை. உள்ளே, ஊர்ப்பெயர் ஒன்றும் இல்லாத வெறும் நிலத்தில்தான் நிறம் பூசியிருந்தது.

மறுபடி வீடியோவைப் போட்டேன். பல்லி நல்ல மஞ்சள். பக்கத்தில் தம்பியின் நிழல், காலடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது. உச்சிவெயில் நேரத்தில் ஏசி கடைக்காரன் வெளியே நிற்கிறான்.

உடனே கூப்பிட்டேன். "எலே, அது டவுனுல உள்ள ஜந்து இல்லியாக்கும். உள்ளதச் சொல்லு, நீ எங்க இருக்க?"

காற்றின் இரைச்சலுக்கு நடுவே பேசினான். பாலைவனத்தில் குழாய் பதிக்கிற வேலை என்றான்.

"அம்மைட்ட சொல்லாண்டாம் அக்கா. சூடு கூடினா அது பொந்துக்குள்ள போயிரும். எங்களுக்கு இடைவேள விசில் அடிச்சாத்தான் நிழலு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மை நிற்கிறாள். நல்லவேளை, எதுவும் அவள் காதில் விழவில்லை. உடும்பை இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"பாவம், என்னா வெயிலு. அவனுக்க ஏசி ரூமுல ஒரு மூலையில இதையும் கெடக்க விடச் சொல்லு மக்கா."

சொல்கிறேன் என்றேன்.