வருகைக்கு வைத்த சாவி

என் வீட்டுச் சமையலறைக் கதவருகே ஓர் இரும்புச் சாவி ஆணியில் தொங்குகிறது. எங்கள் வீட்டில் எந்தப் பூட்டுக்கும் அது சேராது. எண்பதுகளில் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, எதிர்வீட்டுப் பெரியம்மா என் அம்மாவிடம் கொடுத்து வைத்தது.

பெரியம்மா திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். ஆண்டவரின் இரகசிய வருகை எந்த நேரமும் நடக்கும், இரட்சிக்கப்பட்டவர்கள் இருந்த இடத்திலிருந்தே மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பதை, நாளைக்குக் கெரசின் வண்டி வரும் என்பதுபோலச் சொல்வார். சபைக்குப் போன இடத்தில் அது நடந்துவிட்டால், பூட்டிய வீட்டுக்குள் கோழிகள் பட்டினி கிடக்கும். அதற்குத்தான் சாவி. அம்மா ஆவடியை ஒட்டிய கோவில்பதாகைக்காரி, வாய் சும்மா இருக்காது. "இன்னாக்கா, நீ மேல போயிக்கினே இருப்ப, நான் இங்க உன் கோயிய மேச்சிக்கினு கெடக்கணுமா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கணக்கில் நாங்கள் இங்கேயே விடப்படுகிறவர்கள் என்பது பத்து வயதிலேயே புரிந்து, கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரியம்மாவுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். தினமும் அம்மா பெயரைச் சொல்லி ஜெபிப்பார். "நீயும் வந்துருட்டி" என்று கெஞ்சுவார். அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். ஆனால் வெள்ளிக்கிழமை அம்மனுக்கு விளக்கேற்றிய கையோடு, துருப்பிடிக்காமல் இருக்க அந்தச் சாவிக்கும் எண்ணெய் தடவிச் சமையலறை ஆணியில் மாட்டுவாள்.

தொண்ணூறுகளில் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். காரியம் முடிந்த அன்று பெரியம்மா என்னை எங்கள் சமையலறைக்குள் தனியே அழைத்துக் கேட்டார்: "கடைசியில ஆண்டவர் பேரச் சொன்னாளாட்டி?" உயிர் போகிற நொடியில் கூப்பிட்டாலும் இரட்சிப்பு உண்டு என்பது அவர் நம்பிக்கை. கூப்பிடாவிட்டால் நரகம் என்பதும் அதே நம்பிக்கைதான். பதிலுக்காக என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆமாம் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. என்னவோ, நடந்ததையே சொன்னேன். அம்மா கடைசியாகப் பேசியது, "அக்கா ஊட்டு சாவி ஆணிலயே கீதில்ல? தொலச்சிடாத" என்பதுதான்.

பெரியம்மா ஆணியில் தொங்கிய சாவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஏட்டி, வருகைய நம்பாதவ சாவிய எதுக்கு இவ்வளவு பத்திரமா வச்சா?"

அம்மா வருகையை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அக்கா சொன்ன வேலை என்று செய்திருப்பாள்.

சில வருடங்களில் பெரியப்பா ரிட்டையர் ஆனதும் இருவரும் ஊருக்குக் கிளம்பினார்கள். சாவியை நீட்டினேன். பெரியம்மா வாங்கிக்கொள்ளவில்லை. "இருக்கட்டும். வருகை இன்னும் வரலல்லா?" என்றார்.

இப்போது அவரும் இல்லை. அந்தப் பூட்டு எங்கே போயிற்றோ தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றிவிட்டு, சாவிக்கு எண்ணெய் தடவி மறுபடி ஆணியில் மாட்டுகிறேன்.