கம்பளி பிழிந்து நோய் சொன்ன மாதேஸ்வரன்

மொரப்பூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்களில் மாதேஸ்வரனைப் போல வாய் நீண்டவர் யாரும் கிடையாது. அவர் பெருமை பேச ஆரம்பித்தால் தீர்த்தமலையே காதைப் பொத்திக்கொண்டு ரெண்டடி தள்ளி நிற்கும்.

"நோயி மத்தவங்க தோட்டத்துக்குத் திருடனாட்டம் வரும். எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வரும்" என்பார்.

சொன்னது நோய் அல்ல, ஒரு கறுப்புக் கம்பளி. பொழுது சாய்கையில் அதைக் கொடிக்கால் நடுவில் விரித்து வைப்பார். விடிந்ததும் எடுத்துப் பிழிவார். சொட்டு வராவிட்டால் கவலையில்லை. விடியலுக்கு விடியல் சொம்பு நிரம்பினால் பனி இலையிலேயே தங்குகிறது, அழுகல் நோய் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அவர் வாயில் அந்தச் சொம்பு அண்டாவாகிவிடும். ஒரு வருஷம் பிழிந்த தண்ணீரில் எருமை நீந்தியதாகக்கூடச் சொல்லியிருக்கிறார்.

நோய் வருமுன் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடித்தால் கொடி பிழைக்கும். சர்க்கார் விவசாய இலாகா மேஸ்திரி குப்புராஜ் வந்து அடித்துக் காட்டிய மருந்து அது. ஆனால் மருந்து பட்ட இலையை எவரும் வாயில் வைக்க மாட்டார்கள். ஆகவே விற்கிற இலையை முதலில் கிள்ளிவிட வேண்டும். எப்போது கிள்ளுவது என்பதில்தான் சம்சாரி நிமிர்வதும் கவிழ்வதும்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் மார்கழி. கல்யாணம் இல்லாத மாசத்தில் வெற்றிலையை ஆடுதான் விலை கேட்கும். தை பிறந்தால் அதே இலைக்கு மாப்பிள்ளை மரியாதை. தை வரை இலையைக் கொடியில் விடலாமா, இப்போதே கிள்ளி மருந்தடிக்கலாமா? கொடிக்கால் குத்தகைக்கு எடுத்தது. கொடி செத்தால் குடும்பமே கூலிக்குப் போக வேண்டியதுதான்.

கம்பளியோ தினமும் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது.

"தை வரைக்கும் ஒரு இலையத் தொடாதீங்க! நான் சொல்றேன்!" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார். பக்கத்துக் கொடிக்கால் கிருஷ்ணப்பனும் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டார்.

ஒரு காலையில் மனைவி ராஜாமணி கூழ்ச்சட்டியோடு வரப்பில் வந்தாள்.

"ஏங்க, எஞ்சேல முட்டி வரைக்கும் நனைஞ்சு கெடக்குது. உங்க கம்பளிக்கு மட்டும் பனி பெய்யலீங்களா?"

மாதேஸ்வரன் கம்பளியைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது மட்டுமா, சுட்ட ரொட்டி போல வெதுவெதுப்பாகவும் இருந்தது. ராஜாமணியின் தம்பி ஆண்டிதான் கொடிக்காலுக்குக் காவல். அவன் அகத்தி மரத்துக்குப் பின்னால் மெதுவாக நகரப் பார்த்தான்.

"டேய் மச்சான், நில்லுடா! கம்பளிய என்னா பண்ண?"

"மாமா... கொடிக்காலு சாமி இருக்கற எடம், நெருப்பு மூட்டக்கூடாதுங்கறீங்க. செருப்புகூட வெளியதான் உடறோம். குளுருல பல்லு தந்தியடிக்குது. அதான் ராவுல போத்திக்கிட்டு, விடியறதுக்குள்ள மறுபடி விரிச்சு வெச்சிடுவேன். மடிப்புகூடக் கலையாம வெச்சேன் மாமா!"

"எனக்கு நோயி சொல்ற கம்பளிய நீ கட்டிப்புடிச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கற!"

திட்டுவதற்கு நேரமில்லை. மூடுபனி கவிந்து கிடந்தது, இலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சேலை முட்டி வரை நனைகிற பனிக்குக் கம்பளி சொம்புக் கணக்கில் குடித்திருக்க வேண்டும்.

"கிள்ளுங்க எல்லா இலையும். இன்னிக்கே" என்றார். ஊர் முன்னால் சொன்ன சொல்லை விழுங்குவது அவருக்கு வேப்பெண்ணெய் குடிப்பது போல. ஆனாலும் குடித்துவிட்டு நேராகக் கிருஷ்ணப்பனிடம் போனார்.

"அண்ணா, நான் சொன்னது தப்பு. கிள்ளிட்டு மருந்தடிச்சிடுங்க."

"நேத்து தொடாதேன்ன, இன்னிக்குக் கிள்ளுங்கற. நாளைக்கு ஒட்டி வெக்கச் சொல்லுவியா? போ மாதேசு, தையில நான் விக்கறதப் பாத்துட்டு அழு!"

இலை ஆட்டு விலைக்குத்தான் போனது. ராஜாமணியும் ஆண்டியும் கரைத்துக் கொடுக்க, மாதேஸ்வரன் கொடிக்கு உச்சியும் தூருமாக மருந்தடித்தார். அடித்து முடித்தபோது மூன்று பேரும் நீல நிறத்தில், நாடகத்துக்குக் கிளம்பிய கிருஷ்ண பரமாத்மாக்கள் மாதிரி இருந்தார்கள்.

அப்புறமும் மூடுபனி விலகவில்லை. பொங்கலுக்கு முன்னே கிருஷ்ணப்பன் இலைகளில் கறுப்பு விழுந்தது, தூர் அழுகி நாறியது. அவர் வேலியோரம் வந்து நின்றார்.

"மாதேசு, மருந்து மிச்சம் இருக்குதா?"

"மருந்தும் இருக்குது, பேசறதுக்கு வாயும் இருக்குது. எதுண்ணா மொதல்ல வேணும்?"

"மருந்து குடு. பேச்ச அடிச்சிக்கிட்டே கேட்டுக்கறேன்."

கிருஷ்ணப்பனுக்குப் பாதிக் கொடி தப்பியது. மாதேஸ்வரன் தோட்டத்தில் மேற்கு மூலையில் சில கொடிகள் போனதோடு சரி. தை நடுவில் புது இலை தளதளவென்று விரிந்தது, கல்யாண வீட்டுக்காரர்கள் வேலிப் படலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். மாதேஸ்வரன் ஆண்டிக்குத் தனியாக ஒரு கம்பளி வாங்கித் தந்தார். அந்தக் குத்தகையை அடுத்த வருஷமும் விடவில்லை.