பாயின் எண்ணிலிருந்து வந்த பதில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிற ஆள் நான். திண்டுக்கல்லில் கடை கடையாக ஏறி இறங்கி, கணினி பழுது பார்த்தே இடுப்பு ஒடிந்தவனுக்கு அதற்கெல்லாம் தெம்பு ஏது? நம்பினால் நம்புங்கள், இது பட்டப்பகலில் நடந்தது.

நாகல் நகரில் ஒரு பிரியாணிக் கடை. இடி இறங்கி பில் போடும் கணினி கருகிய வாரமே முதலாளி பாயும் மாரடைப்பில் போய்விட்டார். வெளியூரிலிருந்த மகள் ரஹ்மத் வந்து சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெண்தான் கடையைத் திறந்தது. ஜும்மா தொழுகை விட்டுக் கூட்டம் வருவதற்குள் நான் புதுக் கணினியை ஓட வைக்க வேண்டும்.

கடைக்குள் ஒவ்வொரு கணினிக்கும் வீட்டுக் கதவு எண் மாதிரி ஓர் எண் உண்டு. பழைய எண்ணையே புதியதற்கும் கொடுத்தேன். அது வேறொரு கணினியிடம் இருக்கிறது என்றது திரை. அங்கே வேறு கணினியே கிடையாது, கருகியது எப்போதோ எடைக்குப் போய்விட்டது. அலுத்துப்போய் வேறு எண் கொடுத்து, கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைத் தட்டி, எண் ஏறிவிட்டதா என்று சரிபார்த்தேன். அப்படியே, ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் அடித்துப் பழைய எண்ணையும் கூப்பிட்டேன். பதில் வந்தது. அந்த எண் பிரிண்டரிடம் இருக்குமோ என்று அதைப் பிடுங்கியும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பதில் நின்றது. தொலைந்தது சனியன் என்று உட்கார்ந்திருந்தேன். தொழுகை முடிந்து தொப்பியோடு முதல் ஆள் படியேறும்போது மறுபடி வர ஆரம்பித்தது.

ரஹ்மத் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

“அத்தா ஒரு ஜும்மா விட்டதில்லண்ணே. ஏதாச்சும் சொல்றாகளா?”

“ஒண்ணும் சொல்லாதும்மா. இருக்கேன்னு மட்டுந்தான் பதில் வரும்.”

“அம்புட்டுப் போதும். அந்த நம்பர அவுகளுக்கே விட்ருங்க.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லாவில் போய் உட்கார்ந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டுதான் வீடு வந்தேன். கணினிக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றுக்கும் கம்பெனியிலேயே போட்ட தனி எண் உண்டு, இன்னொன்றுக்கு வராது. பதில் சொன்ன கார்டின் எண்ணைக் கடையிலேயே திரையில் வரவழைத்துப் போனில் படம் எடுத்திருந்தேன். பாயின் கணினியை எடைக்குப் போடும்போது கருகிய கார்டைக் கழற்றி என் மேசை இழுப்பறையில் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தால் அதே எண்.

இன்னும் அங்கேதான் கிடக்கிறது, எதோடும் சேராமல். வெள்ளிக்கிழமை பாங்கு கேட்டால் அந்த இழுப்பறைப் பக்கமே போவதில்லை. தூக்கி எறிந்துவிடலாம்தான். எறிந்தால் அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?