கல்யாண வாசலில் கச்சா எண்ணெய்

இந்தச் சித்திரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய், சாப்பிடாமல் திரும்பி வந்தேன்.

என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். முதல் பந்தியில் இடம் பிடிப்பதில் எனக்கென்று ஒரு பெயர் உண்டு... அது இருக்கட்டும்.

சின்னசேலம் தாண்டி, சேலம் போகும் ரயில் பாதையை ஒட்டி ஒரு ஊர். பெயர் வேண்டாம். கல்யாணப் பெண்ணின் அப்பா பழனிவேல் என்னோடு கல்லூரியில் படித்தவர். மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. போன உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்று, மல்லிகா என்ற பெண்மணியிடம் தோற்றவர். அந்தத் தோல்வி அவருக்கு இன்னும் செரிக்கவில்லை. ஆனாலும் மல்லிகாவுக்குப் பத்திரிகை வைத்திருந்தார். ஊருக்குள் கல்யாணம் வைத்துக்கொண்டு பிரசிடெண்டைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா?

மண்டபத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். இந்தப் பக்கம் சமையல் கொட்டகை. விறகடுப்புகள் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தன. மேடையில் ஐயர் ஓமம் வளர்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

அப்போதுதான் ஒரு கூட்ஸ் ரயில் வந்து நின்றது. சிக்னல் கிடைக்கவில்லை போலிருக்கிறது. வரிசையாக டேங்கர் வேகன்கள். ஊருக்கு இருப்பது ஒரே ஒரு லெவல் கிராசிங். ரயில் அதன் குறுக்கே நின்றுவிட்டது. வரவேண்டிய விருந்தாளிகள் பாதிப் பேர் கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள்.

"வாராவாரம் இதே ரோதனைதான்," என்று பழனிவேல் அலுத்துக்கொண்டார். "இப்பல்லாம் எண்ணெ வண்டி ஜாஸ்தி ஆயிடுச்சு. வந்து குறுக்க நின்னுக்கினு கிடக்குது."

கொஞ்ச நேரத்தில் ஒரு நெடி வந்தது. மண்ணெண்ணெயும் தாரும் கெட்டுப்போன முட்டையும் கலந்த மாதிரி. சமையல்காரர் பருப்பு அண்டாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பருப்பு நன்றாகத்தான் இருந்தது.

மல்லிகா கேட் பக்கமிருந்து வேகமாக உள்ளே வந்தார். கல்யாணத்துக்கென்று கட்டிய பட்டுப்புடவை, முகமெல்லாம் வியர்வை. நேராகப் பழனிவேலிடம் போனார்.

"அண்ணே, அடுப்பையெல்லாம் அணைக்கச் சொல்லுங்க. ஒரு டேங்கர்ல இருந்து எண்ணெ ஒழுவுது. உங்க செவுத்துக்குப் பின்னாலதான். கச்சா எண்ணெயாம், கேட் கீப்பர் சொன்னாரு."

"எவ்ளோ ஒழுவுது?"

"சொட்டு சொட்டாதான். ஆனா கீழ குட்டை மாதிரி நிக்குது. நாலஞ்சு பேரு கேனைக் கொண்டாந்து புடிச்சிக்கினு இருந்தாங்க. வெரட்டி வுட்டுட்டு வரேன்."

கேனைக் கொண்டுவந்து. ஆபத்து என்றால் நாம் ஒதுங்கிப் போவோம். இலவசமான ஆபத்து என்றால் பாத்திரத்தோடு போவோம். நெடுஞ்சாலையில் லாரி கவிழும்போதெல்லாம் பார்க்கிற காட்சிதானே?

பழனிவேலுக்கு முகம் மாறிவிட்டது. "சொட்டுதானே, ரயில்காரங்க பாத்துக்குவாங்க. ஊருக்கே ஒலை வச்சிருக்குது. இப்ப அணைச்சா சோறு இன்னா ஆவுறது?"

"தெரியலண்ணே."

"இதுல தீப் புடிக்குமா, புடிக்காதா? அதாவது தெரியுமா உனக்கு?"

"அதுவும் தெரியலண்ணே. இந்த வண்டில இன்னா போவுதுன்னே எங்களுக்கு யாரும் சொன்னதில்ல. தெரியாததாலதான் அணைக்கச் சொல்றேன்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த நேரத்தில் சந்தேகம்தான். தோற்றவர் வீட்டுக் கல்யாணம்... ஜெயித்தவர் வந்து அடுப்பை அணைக்கச் சொல்கிறார். மனசு எங்கெங்கோ போகாதா?

அடுத்து மல்லிகா சொன்னதுதான் என்னை உலுக்கியது. "ஃபயர் சர்வீஸுக்குப் போன் பண்ணிட்டேன். சின்னசேலத்துல இருந்து வண்டி கெளம்பிடுச்சு. ஆனா அது கேட்டுக்கு அந்தாண்டதான் வந்து நிக்கும். ரயிலே குறுக்க நிக்குது. சுத்திக்கினு வர்றதுக்கு நமக்கு வேற ரோடு ஏது?"

சமையல்காரர் யாரையும் கேட்கவில்லை. விறகை வெளியே இழுத்துப் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினார். யாரோ மின்சார மெயினை அணைத்தார்கள். மைக் செத்தது. அந்த அமைதியில் எல்லோருடைய கண்ணும் மேடைக்குப் போனது.

"ஓமத்தையும்தாங்க," என்றார் மல்லிகா, குரலைத் தாழ்த்தி. "அணைச்சிட்டு எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிடலாம். அது தூரமா இருக்குது."

"தாலி கட்டுறதுக்கு முன்னாடி ஓமத்தை அணைக்கச் சொல்றியா? எம் பொண்ணு கல்யாணத்துல வந்து?" பழனிவேலின் குரல் நடுங்கியது. அவர் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா பின்னாலிருந்து, "அபசகுனம்," என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

மல்லிகா எதிர்த்துப் பேசவில்லை. அங்கிருந்து நகரவும் இல்லை. "அண்ணே, இதை அரசியலுன்னு நெனைக்காதீங்க. எம் பொண்ணு கல்யாணமா இருந்தாலும் இதைத்தான் சொல்லுவேன்," என்றார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

ஐயர் நெய்க் கரண்டியைக் கையில் பிடித்தபடி பழனிவேலைப் பார்த்தார். பழனிவேல் தரையைப் பார்த்தார்.

மணமேடையிலிருந்து எழுந்தது பெண்தான். சுகன்யா. குழந்தையாக இருந்தபோது என் தோளில் தூங்கியவள்.

"அப்பா, அணைக்கச் சொல்லுங்க. எனக்கு நெருப்பு சாட்சி வேணாம்ப்பா. இவ்ளோ ஜனம் இருக்குது, இவங்க சாட்சி போதும்."

மாப்பிள்ளை அவள் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு ஐயரிடம் திரும்பி, "அணைச்சிடுங்க சாமி," என்றார். ஐயர் கலசத்துத் தண்ணீரை எடுத்து, ஏதோ சொல்லிக்கொண்டே ஊற்றினார். புகை எழுந்தது. சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

பிறகு நாங்கள் நடந்தோம். சித்திரை வெயிலில், மாலையும் தட்டும் தாலியுமாக ஒரு கல்யாணமே தெருவில் நடந்து போனது. மல்லிகா வழியிலிருந்த வீடுகளில் எல்லாம் கதவைத் தட்டி அடுப்பை அணைக்கச் சொல்லிக்கொண்டே கடைசியாக வந்தார். பள்ளிக்கூட வராண்டாவில், முகூர்த்தம் தப்பாமல், சுகன்யாவுக்குத் தாலி ஏறியது. மேளக்காரர்கள் கெட்டிமேளத்தை ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்தார்கள். பழனிவேல் அட்சதை போட்டுவிட்டு, ஒரு வகுப்பறைக்குள் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

ரயில்வே ஊழியர்கள் தண்டவாளத்தோரமாகவே நடந்து வந்தார்கள். வால்வை முறுக்கினார்கள். கசிவு நின்றது. கீழே மண்ணைப் போட்டு மூடினார்கள். "பெரிய விஷயம் ஒண்ணும் இல்லைங்க," என்றார் அவர்களில் மூத்தவர். ரயில் கிளம்பிப் போனது. அது போன பிறகுதான் தீயணைப்பு வண்டியால் ஊருக்குள் வர முடிந்தது.

சோறு பாதி வெந்து நின்றுபோயிருந்தது. சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அன்று சாயங்காலமே ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. "ஒண்ணுமே ஆவல. அதுக்குள்ள கல்யாணத்தைக் கலைச்சிட்டாங்க பிரசிடெண்டம்மா." பழனிவேல் போனில் என்னிடம் சொன்னது இன்னும் கடுமை. "எம் பொண்ணோட ஓமத்தை அணைச்சுத்தான் அவங்க பேரு வாங்கணுமா?"

அடுத்த திங்கட்கிழமை மல்லிகா கள்ளக்குறிச்சிக்குப் போனார், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு. நானும் கூடப் போய் நின்றேன். பத்தி எழுதுகிறவனுக்கு இப்படி நிற்பதும் ஒரு வேலைதானே?

அங்கே இருந்த அதிகாரி இளைஞர். மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினார். "அம்மா, எந்த ரயில்ல என்ன போகுதுங்கிறதை வெளியில சொல்ல மாட்டாங்க. பாதுகாப்பு காரணம். அதுவுமில்லாம, எண்ணெயை லாரில கொண்டுபோறதைவிட ரயில்ல கொண்டுபோறதுதான் பத்திரம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த எண்ணெய் எங்கேயோ பெட்ரோலாகி என் ஸ்கூட்டருக்குத்தான் வருகிறது. அது யார் வீட்டுப் பின்சுவரை உரசிக்கொண்டு வருகிறது என்று நான் எப்போதாவது யோசித்திருக்கிறேனா?

"ரயிலே வேணாம்னு நான் சொல்லலீங்க," என்றார் மல்லிகா. "எங்க வூட்டுலயும் பைக் ஓடுது. எங்க ஊரு நடுவுல போவுறது இன்னான்னு எங்களுக்குச் சொல்லுங்க. ஒழுவுச்சுன்னா யாருக்குப் போன் பண்றதுன்னு சொல்லுங்க. வண்டிய கேட்டுக்குக் குறுக்க நிறுத்தாதீங்க. பாதுகாப்புன்னு சொல்றீங்களே... அந்தப் பாதுகாப்புல நாங்க இருக்குறமா, இல்லையா?"

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "மேல பேசுறேம்மா," என்றார் கடைசியில். சும்மா சொன்ன மாதிரி தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். தெரு விளக்கு எரியவில்லையா, பஞ்சாயத்தைக் கேட்கலாம். குழாயில் தண்ணீர் வரவில்லையா, பஞ்சாயத்தைக் கேட்கலாம். ஊரைக் கொளுத்தக்கூடிய ஒரு சரக்கு ஊரின் நடுவே போகிறதா? அதைப் பஞ்சாயத்து யாரிடம் கேட்பது? ஏதாவது ஆகிவிட்டால் முதலில் ஓடி வரவேண்டியது அந்தப் பஞ்சாயத்துதான். கையில் இருப்பது ஒரு குப்பை வண்டியும் ஒரு செல்போனும்.

மே தினத்தன்று நடந்த கிராமசபைக்கும் போயிருந்தேன். கேட்டதில் பாதி கிடைத்திருந்தது. முடிந்தவரை கேட்டுக்குக் குறுக்கே கூட்ஸை நிறுத்துவதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண் ஊராட்சி அலுவலகச் சுவரில் பெயிண்டில் எழுதப்பட்டிருந்தது. தீயணைப்புத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து, எண்ணெய் கசிந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று காட்டினார்கள். கேன் கொண்டுவரக் கூடாது என்று சொன்னபோது பின்வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எந்த ரயிலில் என்ன வருகிறது, எப்போது வருகிறது? அதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் அன்றைக்குத் தீர்மானமாகப் போட்டார்கள்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "எதுக்குங்க இந்தத் தீர்மானமெல்லாம்? அன்னைக்கும் ஒண்ணும் ஆவலியே."

"ஆவல," என்றார் மல்லிகா. "அது போதாதா உங்களுக்கு?"

கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

பழனிவேலும் வந்திருந்தார். தூரமாக, வேப்பமரத்தடியில் நின்றார். தீர்மானத்தில் கையெழுத்துப் போட ஒவ்வொருவராகப் போனபோது அவரும் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் நிதானமாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார். மல்லிகாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கூப்பிட்டதுகூட அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் நிற்கவில்லை.

மல்லிகா அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கோவம் இருக்கத்தாங்க செய்யும்," என்றார் என்னிடம். "அன்னைக்கு நான் பண்ணது சரிதான்னு காட்ட எங்கிட்ட இன்னா இருக்குது? வெடிச்சிருந்தாதான் நான் சொன்னது சரி. அப்படி ஒரு சரி எனக்கு வேணாங்க."

ஒரு ஊரில் ஒரு நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது எந்தப் பத்திரிகையிலும் செய்தியாக வராது... அதனால்தான் இந்த வாரம் இந்த இடத்தை அதற்குக் கொடுத்தேன்.