அம்மா கேட்ட கூட்டணிச் செய்தி

திருப்பத்தூர் நாடாளுமன்றத் தொகுதி இப்போது வரைபடத்தில் இல்லை. எழுபதுகளில் எங்கள் திருவண்ணாமலையும் செங்கமும் அதில்தான் இருந்தன. எங்கள் வீட்டில் ஒருவரும் திருப்பத்தூரைப் பார்த்ததில்லை. ஆனாலும் அம்மா தன் பிறந்த வீட்டுக்குப் போகலாமா கூடாதா என்பதை அந்தத் தொகுதிதான் தீர்மானித்தது.

அப்பா தேரடித் தெருவில் உரக்கடை வைத்திருந்தார். பின்னால் வீடு. கடை பாதி நேரம் கட்சி அலுவலகமாக இருக்கும். அம்மாவின் அண்ணன், என் மாமா, செங்கத்தில் எதிர்க்கட்சியின் ஒன்றியச் செயலாளர். அவசரநிலை முடிந்து வந்த தேர்தலில் எங்கள் தொகுதியில் மாமாவின் கட்சி ஜெயித்தது. வெற்றி ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது மாமா ஜீப்பை எங்கள் கடை முன் நிறுத்தி, ஒரு சரவெடியைக் கொளுத்திவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அப்பா வெடித்தாளைத் தானே பெருக்கித் தள்ளினார். இனி இந்த வீட்டிலிருந்து ஒருவரும் செங்கம் பஸ் ஏறக்கூடாது என்றார்.

அதற்குப் பிறகு செங்கத்தில் தாத்தாவுக்கு, அம்மாவின் அப்பாவுக்கு, வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அம்மாவுக்கு அதைச் சொன்னது செங்கத்திலிருந்து காய் கொண்டுவந்து விற்கும் பெண். அம்மா கெஞ்சினாள். உன் அண்ணன் வந்து கூப்பிடட்டும் என்றார் அப்பா. தோற்றவர் வீட்டுக்கு ஜெயித்தவன் ஏன் போகவேண்டும் என்று மாமா கேட்டதாகச் சேதி வந்தது.

அம்மா ரேடியோ கேட்கத் தொடங்கியது அப்போதுதான். பாட்டு வந்தால் நிறுத்திவிடுவாள். மாலைச் செய்திக்கு மட்டும் தாளிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நிற்பாள். எந்தத் தலைவர் டில்லிக்குப் போனார், யார் யார் தனியாகப் பேசினார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. என் அம்மாவுக்கு அரசியல் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

மூன்று வருஷத்தில் மறுபடியும் தேர்தல் வந்தது. இரண்டு கட்சிகளும் கூட்டணி சேர்ந்தன. செய்தி முடியும் முன்பே அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் துணிப்பையை எடுத்து வைத்தாள். அப்பா வந்து, நாளை செங்கத்தில் கூட்டுப் பொதுக்கூட்டம், போயாகவேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“நாங்களும் வர்றோம்.”

“பொம்பளைங்களுக்கு அங்க என்னா வேல?”

“கூட்டத்துக்கு வர்லீங்க.”



இரண்டு கொடி கட்டிய ஜீப்பில் போனோம். மாமா வாசலிலேயே நின்றிருந்தார். நலம் விசாரிக்கவில்லை.

“வாங்க மாப்ள. பூத் ஏஜெண்டுக்கு உங்க பக்கம் எத்தினி பேரு தேறுவாங்க?”

“ஆளு ஜாஸ்தியாவே இருக்காங்க. மொதல்ல எங்க கொடியையும் உங்க கொடி உசரத்துக்குக் கட்டச் சொல்லுங்க.”

சமாதானம் அவ்வளவுதான். உள்ளே அம்மா தாத்தாவின் விழுந்த கையை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். மறுபடியும் எப்போது வருவாய் என்று தாத்தா குழறலாகக் கேட்டார்.

“மெட்ராஸ்ல பேசி முடிவு பண்ணுவாங்கப்பா,” என்றாள்.

தாத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது.

அந்தக் கூட்டணி ஜெயித்தது. பொங்கலுக்கும் ஆடிக்கும் செங்கம் போய்வந்தோம். அங்கே இருக்கும்போதும் செய்தி நேரம் வந்தால் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளாது. திண்பண்டத் தட்டை எங்களிடம் தள்ளிவிட்டு ரேடியோப் பக்கம் போய்விடுவாள்.

பிறகு ஒரு மாலை, தொகுதிப் பங்கீட்டுப் பேச்சு முறிந்துவிட்டது என்று சென்னை வானொலி சொன்னது. தாத்தா அப்போது படுத்த படுக்கை. கடை வாசலில் கூட்டணிக்காகக் கட்டியிருந்த மாமாவின் கட்சிக் கொடியை அவிழ்க்க அப்பா ஏணியைச் சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா குமிழைத் திருப்பிப் பாண்டிச்சேரி வைத்தாள். அங்கும் அதே செய்தி. மறுபடியும் சென்னைக்கு வந்தாள்.

“எந்த ஸ்டேஷன் வெச்சாலும் செய்தி ஒண்ணுதாம்மா,” என்றேன். இவ்வளவு நாள் கேட்டும் அம்மாவுக்கு இது தெரியவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. அவள் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.