லாசாலில் நாங்கள் வென்ற சனிக்கிழமை

போன கிழமை எங்கள் நகரத்து ஜான்-டலோன் சந்தைக்குத் தக்காளி வாங்கப் போனேன். சந்தை வாசலில் ஒரு பெண் பெரிய அண்டாவில் சோளம் அவித்து, வெண்ணெய் பூசி, உப்புத் தூவி விற்றுக்கொண்டிருந்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். “வெயிலுக்க நிண்டு என்னத்த யோசிக்கிறியள்?” என்று மனைவி கேட்டாள். பசி என்றேன். பசி இல்லை. எனக்கு அவித்த சோளம் என்றால் நான் முன்பு வேலை செய்த லாசால். லாசால் என்றால் பிஸ்கட் தொழிற்சாலை. அங்கிருந்து நினைவு நேரே பேஸ்போலுக்குப் போய்விடும்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. நான் அந்தத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் என்னை முகர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். தலைமயிர்வரை வனிலா. மணக்கும் களைப்பு என்று ஒன்று இருந்தால் அது எங்களிடம்தான் இருந்தது.

எங்கள் மேற்பார்வையாளர் ஜீல். கியூபெக்காரர், பென்சனுக்கு நெருங்கியவர், பேஸ்போல் பைத்தியம். நகரத்தின் பெரிய அணியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது ஒரு கிழமை யாருடனும் கதைக்காமல் இருந்தவர். அவருக்கு மிஞ்சியிருந்தது தொழிற்சாலைகளுக்கு இடையிலான சனிக்கிழமை ஆட்டங்கள். கோடை முடிகிற நேரம் ஓல்-ஸ்டார் ஆட்டம் ஒன்று நடக்கும். எங்கள் மேற்குப் பக்கத் தொழிற்சாலைகளில் இருந்து பொறுக்கி எடுத்தவர்கள் ஓர் அணி, கிழக்குப் பக்கத் தையல் தொழிற்சாலைகளில் இருந்து பொறுக்கி எடுத்தவர்கள் மற்ற அணி. ஒவ்வொரு வருடமும் கிழக்குத்தான் வெல்லும். நான் கனடாவுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிய தோல்வி அது.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குக் கிரிக்கெட் விளையாடினவன் என்று ஜீலிடம் சொல்லி வைத்திருந்தேன். மூன்றாவது அணி என்பதைச் சொல்லவில்லை. முதல் கோடையில் பந்து அதிகம் வராத வலது மூலையில் நிறுத்தினார். வந்த ஒரு பந்தையும் விட்டேன். அடுத்த கோடையில் ஆட விடாமல் ஓரத்து வாங்கிலில் இருத்திவிட்டார்.

ஆனால் ஜெயம் அண்ணை அப்படி இல்லை. மன்னார், பேசாலை. கடலில் வலை இழுத்து உரமேறிய தோள். அடித்தால் பந்து அழுதுகொண்டு போகும். மனைவியையும் மகளையும் கனடாவுக்குக் கூப்பிட எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர். வீட்டில் சும்மா இருந்தால் யோசனை வரும் என்பதற்காகவே சனிக்கிழமைகளில் விளையாட வந்தார். அவருக்குப் பிரெஞ்சு வராது. அதனால் ஓல்-ஸ்டார் அணியில் எனக்கும் ஒரு ரீ-சேர்ட் கிடைத்தது, மொழிபெயர்ப்பாளனாக.

நான் சொல்ல வந்தது அந்த ஒரு வருட ஆட்டத்தைப் பற்றி. கிழக்கு அணி வழக்கமாக இரண்டு வான் வண்டிகளில் பாட்டும் கூத்துமாக வந்திறங்கும். அன்று ஒரு வான்தான் வந்தது. இறங்கியது ஓர் அணிக்குச் சரியாக வேண்டிய ஒன்பது பேர். சிலர் வேலைச் சப்பாத்துடன் வந்திருந்தார்கள். பனிக்காலத்தில் அந்தப் பக்கத்துத் தையல் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிவிட்டனவாம். நன்றாக விளையாடினவர்களில் சிலர் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள், சிலர் இரவில் டாக்ஸி ஓட்டிவிட்டு நித்திரை. பந்தெறிகிறவர் நிக்கோலா, இத்தாலியர், துணி வெட்டுகிறவர். எங்களை வருடா வருடம் திணறடித்த மனிதர். அவருக்கும் வேலை போயிருந்தது.

“எங்களிட்டை ஆக்கள் கூட. நாலு பேரைத் தாறன்” என்றார் ஜீல்.

நிக்கோலா தலையாட்டினார். “இருக்கிறவங்களோட விளையாடுவம். அது போதும்.”

முதல் இன்னிங்ஸிலேயே ஆட்டம் முடிந்த மாதிரித்தான். எங்கள் ஆட்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். இத்தனை வருடக் கோபம் இல்லையா. நானும் வாங்கிலில் இருந்து கத்தினேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல எல்லோருக்கும் சத்தம் குறைந்தது. நிக்கோலாவுக்கு மாற்று ஆள் இல்லை. ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் கையை உதறிவிட்டு அடுத்ததை எடுப்பார்.

கடைசிக்குக் கிட்ட ஜெயம் அண்ணை மட்டையுடன் போய் நின்றார். நல்ல பந்து ஒன்று வந்தது, அடிக்கவில்லை. இன்னொன்று, அதையும் விட்டார். இன்னொன்றை விட்டால் ஆட்டமிழப்பு. நிக்கோலா பந்தைக் கையில் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தார். ஜீல் என்னைப் பார்த்தார். நான் ஓடினேன்.

“இவருக்கு என்ன?” என்று கேட்டார் நிக்கோலா.

“களைச்சுப் போனார்” என்றேன்.

“களைப்பு எனக்கும் இருக்கு. வேலையை எடுத்துப்போட்டாங்கள். இதையாவது ஒழுங்கா விளையாடிப்போட்டுப் போறன். பாவம் பாக்க வேண்டாமெண்டு சொல்லு.”

அப்படியே ஜெயம் அண்ணையிடம் சொன்னேன். அவர் நிக்கோலாவின் தோளைப் பார்த்தபடி நின்றார்.

“கோவமாச் சொன்னவரோ, தம்பி?”

“இல்லை அண்ணை. அடிக்கச் சொல்லித்தான் கேட்டவர்.”

“அப்ப சரி.”

அடுத்த பந்தை அடித்தார். வேலிக்கு மேலால், தெருவுக்கு மேலால் போய், தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குள் விழுந்தது. அப்படி ஓர் அடியை அந்தத் திடலில் யாரும் பார்த்ததில்லை. நிக்கோலா திரும்பி, நெற்றியில் கையை வைத்து, பந்து விழும்வரை பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு இன்னொரு பந்து கேட்டார்.

இருபத்திரண்டுக்கு ஒன்று. ஜீல் அந்த வெற்றிக்காக எத்தனை கோடை காத்திருந்தார். வெற்றிக் கிண்ணத்தைக் கையில் வாங்கினவர் அதை வான் வண்டியின் பின்பக்கம் வைத்துவிட்டுச் சோள அண்டாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். வழக்கம் போல விருந்தாளிகளுக்குச் சோளம் அவித்திருந்தோம். யாரும் பாடவில்லை. “இப்பிடி வெல்லத்தான் இவ்வளவு நாளும் நிண்டனானோ?” என்று மட்டும் ஜீல் கேட்டார். என்னிடம் கேட்டாரா தெரியாது.

ஜெயம் அண்ணை தன் பையில் இருந்து தைலப் போத்தலை எடுத்துக்கொண்டு நிக்கோலாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். ஒன்றும் கேட்காமல் அவருடைய தோளைத் தேய்க்கத் தொடங்கினார். நிக்கோலா கண்ணை மூடிக்கொண்டார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. மொழிபெயர்க்க நான் எழும்பப் போனேன். ஜெயம் அண்ணை கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார்.

அடுத்த கோடையில் ஜீல் திடலில் வெள்ளைக் கோடு போட்டு வைத்தார். கிழக்கில் இருந்து ஒருவரும் வரவில்லை. அதற்குப் பின் எங்கள் தொழிற்சாலையும் ஒன்ராறியோவுக்குப் போய்விட்டது. அங்கே வேலைக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. திடல் இருந்த இடத்தில் இப்போது பெரிய களஞ்சியம், லொறிகள் நிற்கின்றன. ஜீல் காலமாகிவிட்டார். நிக்கோலாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஜெயம் அண்ணையின் குடும்பம் வந்து சேர்ந்து, அவர்கள் இந்த நகரத்திலேயே ரொக்ஸ்பரோவில் இருக்கிறார்கள். மகளுக்குப் பிரெஞ்சுதான் வாய்க்கு வரும், தகப்பனோடு மட்டும் தமிழ். போன நத்தார் பண்டிகைக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் அந்த அடியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை.

“உண்மையே அப்பா? ஆரை வெண்டனீங்கள்?”

“வேலை போன ஒன்பது பேரை, பிள்ளை.”

“அதுக்குப் பேந்து அவையோட விளையாடேல்லையே?”

அவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: “பேந்து அவையும் இல்லை, நாங்களும் இல்லை.”